சார்ஜ் இறங்கியதற்கான காரணம்

கதவுக்கு மேலே நாற்பத்தைந்து டிகிரி என்று சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எட்டுப் பெண்கள் நின்று வேலை பார்த்தார்கள். இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை இரும்புத் தட்டுகள், தட்டுக்கு இருபது போன். எல்லாப் போனின் திரையிலும் ஒரே அருவி சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு போனிலும் பேட்டரிச் செயலியைத் திறக்க வேண்டும். சார்ஜ் எத்தனை சதவீதம், சூடு எவ்வளவு, என்ன வேகத்தில் இறங்குகிறது என்று பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அப்புறம் போனைத் திருப்பி அதன் முதுகில் புறங்கையை வைத்துத் தடவ வேண்டும். பேட்டரி வீங்க ஆரம்பித்தால் செயலிக்குத் தெரிவதற்கு முன்னால் புறங்கைக்குத் தெரிந்துவிடும்.

அந்த அறைக்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. பெண்கள் அதை அடுப்பு என்றுதான் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே. உட்கார ஒன்றும் கிடையாது. தண்ணீர் பாட்டில் உள்ளே வரக் கூடாது, போன் மேல் சிந்திவிடுமாம். போன் தாங்குதான்னு பாக்க நாம இருக்கோம், நாம தாங்குறோமான்னு பாக்க ஒரு ஆப்பும் இல்லையா என்று வாயாடி கேட்பாள், கேட்டுவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். வாயாடிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அப்படி எட்டுப் பேரில் இன்னொருத்திக்குக் காரணக்கா என்று பெயர். ஒரு போனில் அரை மணிக்குள் ஐந்து சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இறங்கினால் செயலி ஒரு பெட்டியைத் திறந்து காரணம் கேட்கும். எதையாவது எழுதினால்தான் பெட்டி மூடும். மற்றவர்கள் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த போனுக்குப் போய்விடுவார்கள். இவள் எழுதுவாள். காற்றுக் குழாய்க்கு நேர் எதிரே இருப்பதால் சூடு அதிகம் என்று எழுதுவாள். ஒயரின் முனை தளர்ந்திருந்தது, நன்றாகச் செருகிய பிறகு சரியானது என்று எழுதுவாள். இத்தனை வருஷத்தில் அவள் படித்த பத்தாம் வகுப்புக்கு இந்தப் பெட்டியில்தான் வேலை கிடைத்தது. அதை வீணடிக்க அவளுக்கு மனசில்லை. நாலு வார்த்தை எழுதினால் குறைந்தா போய்விடுவோம் என்பாள்.

அடுப்பில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது அவள் அண்ணி. கட்டியவன் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறு ஊருக்கே போய்விட்ட பிறகு, ஒற்றைப் பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் இவள். அண்ணன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் கதவைத் திறந்தது அண்ணிதான். ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்த இரண்டு அறையில் ஒன்றை ஒழித்துக் கொடுத்தாள். அடுத்த வாரமே லைன் லீடரிடம் கெஞ்சிக் கூத்தாடி வேலைக்கும் சேர்த்துவிட்டாள். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்தால் கண்ணே பட்டுவிடும் என்று வாயாடி இருவருக்கும் காற்றிலேயே திருஷ்டி கழிப்பாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த அண்ணி அடுப்புக்குள் மயங்கி விழுந்தாள். இரண்டு மணி நேரம் முடிய எட்டு நிமிடம் இருந்தது. தட்டின் இரும்பு விளிம்பில் நெற்றி பட்டு மூன்று தையல். ஓடி வந்த லைன் லீடர் முதலில் கேட்டது எத்தனை போன் விழுந்தது என்றுதான். அன்றைக்குத்தான் எட்டுப் பேருக்கும் வயிறு எரிந்தது. ஒரு மணி நேரம் உள்ளே, பதினைந்து நிமிடம் வெளியே, உட்கார இரண்டு ஸ்டூல், வாசலுக்கு வெளியே தண்ணீர். இவ்வளவுதான் வேண்டும். தனித்தனியாகப் போய்க் கேட்டால் தனித்தனியாகத் துரத்துவார்கள் என்பதால், ஒரு நாள் பதினொரு மணிக்கு எட்டுப் பேரும் சேர்ந்து வெளியே வந்து நடைபாதைத் தரையில் உட்கார்ந்துவிடுவது, மேனேஜர் இறங்கி வரும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். எட்டுப் பேரும் ஒன்றாக வெளியேறினால் ஆயிரம் போனுக்கு ஆள் இருக்காது. அப்போது இறங்கி வந்துதான் ஆகவேண்டும்.

இதைத் தொழிற்சாலைக்குள் பேச முடியாது, பஸ்ஸிலும் பேச முடியாது, இரண்டு இடத்திலும் லைன் லீடரின் சொந்தக்காரர்கள். வீடுகளோ திசைக்கு ஒன்று. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஒரே அழைப்பில் போனில் பேசுவது என்று ஏற்பாடு.

அந்தச் சமயத்தில் காரணக்காவின் கையில் புது போன் ஒன்று இருந்தது. அவளுடையது இல்லை, கம்பெனியுடையது. அறைக்குள் வைத்துச் சோதித்தால் மட்டும் போதாது, வீட்டில் ஆட்கள் கையில் எப்படிச் சார்ஜ் இறங்குகிறது என்றும் தெரிய வேண்டுமென்று இன்ஜினியர் அவளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார். சொந்த சிம்மைப் போட்டுக்கொள்ள வேண்டும், முப்பது நாள் சொந்தப் போனாகவே வைத்துப் புழங்க வேண்டும். செயலி உள்ளே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். சார்ஜ் சட்டென்று இறங்கினால் வழக்கம்போலப் பெட்டி திறக்கும், இவள் எழுத வேண்டும்.

இன்ஜினியருக்கு இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். மெதுவாகப் பேசுவார். அடுப்புப் பெண்களைத் தவிர அந்தக் கட்டடத்திலேயே அவளை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர். மற்றவர்களுக்கு அவள் பதினேழாம் எண். ஒரு நாள் டீ நேரத்தில் அவளைத் தேடி வந்து, காற்றுக் குழாயைப் பற்றி நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் அதைத் திருப்பி வெச்சோம் என்று சொன்னார். அவள் உச்சி குளிர்ந்துபோனாள். தான் எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய விஷயம். அதனால் ஒரு குழாய் திரும்பியிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். அண்ணியிடம் இதை மூன்று தடவை சொன்னாள். சரி, ஸ்டூல் வேணும்னும் எழுதிப் பாரேன் என்றாள் அண்ணி. அதையும் எழுதினாள். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசினார்கள். அண்ணியும் இவளும் ஒரே போனில், ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. அழைப்பு முடிந்ததும் பெட்டி திறந்தது. என்ன பேசினோம் என்று எழுத அவள் என்ன பைத்தியமா? ஏழு போன்கள் சேர்ந்த அழைப்பு, ஐம்பத்தெட்டு நிமிடம், ஸ்பீக்கரில் இருந்தது என்று மட்டும் எழுதினாள். பேச்சில் பாதி வாயாடியின் பேச்சு என்பதை எழுத முடியாதே என்று சொல்லி அண்ணியும் அவளும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டுத் தன் மடிக்கணினியில் ஒரு கோட்டைக் காட்டினார். சீராக இறங்கி வந்த கோடு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மேல் படிக்கட்டில் தடுக்கி விழுந்தவன் மாதிரி கீழே போயிருந்தது. யாரோடு பேசினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள், கேட்கவே இல்லை. அவர் கேட்டது வேறு. "எதிர்ல இருக்குற போன் பழசா இருந்தா நம்ம போனுக்கு வேலை அதிகமாகும்க்கா. அது எல்லாம் என்னென்ன மாடல்னு தெரிஞ்சா ரிப்போர்ட் முழுசா இருக்கும். அப்புறம் இந்த போன் எட்டு லைன் தாங்கும்னு விளம்பரம் பண்றோம். அடுத்த தடவை முடிஞ்சா எட்டா பண்ணிப் பாருங்களேன்" என்றார். பெயர் கேட்காத வரைக்கும் என்ன போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. போனைப் பற்றித்தானே கேட்கிறார்.

அடுத்த ஞாயிறு அழைப்பில் முதல் காரியமாக ஒவ்வொருத்தியிடமும் என்ன போன் என்று விசாரித்தாள். சோதனைக்கு வேண்டும் என்றாள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. காரணக்கா காரணம் எழுதாமல் இருந்தால்தான் அதிசயம். ஒருத்தி போனைத் திருப்பிப் பார்த்துப் படித்துச் சொன்னாள், ஒருத்தி மகனைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னாள். வாயாடி, என்னுது கண்ணாடி மூணா உடைஞ்ச மாடல்டி, அப்படியே எழுதிக்கோ என்றாள். அப்படியே எழுதிக்கொண்டாள்.

எட்டுக்கு ஒன்று குறைந்தது. அண்ணி போன வாரம் மாதிரியே பக்கத்தில் வந்து உட்காரப் போனாள். "அண்ணி, நீங்க உங்க போன்ல இருந்தே வாங்க. மாடிப்படியில போய் உக்காந்துக்கங்க. பக்கத்துல இருந்தா ரெண்டும் கத்தும்" என்றாள் இவள். எதுக்குடி, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்று அண்ணி முணுமுணுத்தாள். சோதனைன்னா ஒழுங்கா இருக்கணும் அண்ணி என்றாள். அண்ணி சிரித்துக்கொண்டே தன் பழைய போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், நெற்றித் தையலைச் சொறிந்தபடி அங்கிருந்து பேசினாள். புதன்கிழமை பதினொரு மணி என்று நாள் குறித்தார்கள். ஒருத்திகூடப் பின்வாங்கவில்லை.

பெட்டி திறந்தது. எட்டுப் போன்கள் சேர்ந்த அழைப்பு, எழுபத்திரண்டு நிமிடம் என்று எழுதி, எதிர்முனைப் போன்கள் ஏழின் மாடலையும் வரிசையாக எழுதினாள். ஒரு பெயர்கூட எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் வழக்கமான வரிசை. கேட்டில் ஒரு நடைமுறை உண்டு. ஊழியர்கள் சொந்தப் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. காவலரின் ஜன்னலில் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். போன் மாறிப்போய்ச் சண்டை வராமல் இருக்க, என்ன மாடல், என்ன நிறம், எங்கே கீறல் என்று காவலர் ஒரு தடித்த பதிவேட்டில் ஊழியர் எண்ணோடு எழுதி வைத்திருப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துப் பழகிய பதிவேடு அது. கதவின் தாழ்ப்பாளை யாராவது தினமும் கவனிப்பார்களா, அப்படித்தான்.

காரணக்கா அடையாள அட்டையைக் கேட் மெஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது, சுழல்கதவு அவளை உள்ளே தள்ளியது. பின்னால் அண்ணி வைத்தாள், சிவப்பு. அட்டையில் தூசி இருக்கும் என்று அண்ணி அதை உடுப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மறுபடியும் சிவப்பு. வாயாடி வைத்தாள், சிவப்பு. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. ஏழுக்கும் சிவப்பு எரிந்த பிறகுதான் மெஷின் கோளாறு இல்லை என்று புரிந்தது. காவலர் கையில் ஒரு தாள் இருந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல், தள்ளி நில்லுங்கம்மா, மத்தவங்களுக்கு வழி விடுங்க என்றார். ஒப்பந்தம் நேற்றோடு முடிந்துவிட்டதாம், புதுப்பிக்கவில்லையாம், கணக்கு முடித்துத் தபாலில் வருமாம். ஏழு பேருக்கும் ஒரே நாளிலா முடிந்தது என்று ஒருத்தி கேட்டபோது அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே நின்ற காரணக்கா திரும்பி வெளியே வரப் பார்த்தாள். சுழல்கதவு ஒரு பக்கம்தான் சுற்றும். உள்ளே வந்தவர்கள் ஷிப்ட் முடிந்துதான் வெளியே போகலாம் என்றார் காவலர். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஏழு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயாடி முதல் தடவையாகக் குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"எங்க எல்லாருக்கும் சிவப்பு. உனக்கு மட்டும் எப்படிடி பச்சை?"

அதற்கு அவளிடம் காரணம் இல்லை. சத்தியமாக அந்த நிமிஷத்தில் அவளுக்கே தெரியாது. அண்ணி மட்டும், அவளைப் பார்க்காமல், அவளுக்கு என்ன தெரியும் பாவம், விடு என்று வாயாடியின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அடுப்புக்குப் போக விடாமல் அவளை மேல்மாடி அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். குளிரூட்டிய அறை. ஊழியர்களைப் பார்த்துக்கொள்ளும் மேடம் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் அவள் உட்கார்ந்த முதல் நாற்காலி அதுதான். பக்கத்தில் இன்ஜினியர். மேஜை மேல் அவள் எழுதியதெல்லாம் வண்ணத்தில் அச்சாகி, ஓரம் வெட்டி, புத்தகம் மாதிரி இருந்தது. எட்டு லைன் அழைப்பு பற்றிய பக்கம் விரித்திருந்தது. ஏழு மாடலும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே பேனாவால் ஒரு எண். பத்தொன்பது. இருபத்திரண்டு. முப்பத்தொன்று. அடுப்புப் பெண்களின் ஊழியர் எண்கள். அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டி அடையாளம் வைத்து, கேட்டின் தடித்த பதிவேடு.

கண்ணாடி மூன்றாக உடைந்தது என்று காவலர் தன் கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தார். கண்ணாடி மூன்றாக உடைந்தது என்று இவள் அழகாக எழுதியிருந்தாள். இரண்டையும் ஒரே மாதிரி வட்டம் போட்டிருந்தார்கள்.

அவள் வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். மேடம் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார். இவ்வளவு நேர்மையாகச் சோதனை செய்த ஆளை இதுவரை பார்த்ததில்லை என்றார். இனி அடுப்பில் நிற்க வேண்டாம், புதிதாக வருகிறவர்களுக்குச் செயலியைச் சொல்லிக் கொடுத்தால் போதும், மூத்த சோதனையாளர் என்று அட்டை அடித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். ஒரே அறையில் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் மணிக்கணக்காக என்ன பேசுவார்கள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம் என்றும், அதே மென்மையான குரலில், இடையில் ஒரு வரியாகச் சொன்னார்.

"நானும்தான் பேசினேன் மேடம்" என்றாள் காரணக்கா. "எட்டாவது ஆள் நான்தான். நாளைக்கு நானும்தான் வெளிய வந்து உக்காந்திருப்பேன். அவங்களை அனுப்பினா என்னையும் அனுப்புங்க."

மேடம் புன்னகை மாறாமல் அந்தப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "நீங்க சோதனைக்காகப் பேசினீங்க. இதுல அப்படித்தான் இருக்கு."

அவள் இன்ஜினியரைப் பார்த்தாள். அவர் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகு நடைபாதையில் அவரை மறித்துக்கொண்டு கேட்டாள், மாடல் கேட்டது நீங்கதானே, எட்டாப் பண்ணச் சொன்னதும் நீங்கதானே, இதுக்குத்தானா என்று. நான் பேட்டரிக்குத்தான் கேட்டேன் என்றார். ரிப்போர்ட் எழுதி அனுப்புவது மட்டும்தான் என் வேலை, அதை யார் எதற்குப் படிக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். அவர் குரல் அப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. சொன்னது பொய்யா நிஜமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தாள், அன்றைக்கு அவர் அவளை ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். மறைக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது ஒரு நிமிடம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கப்பட்டாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே மடித்தாள். பதிவேட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கை நின்றது.

"பேரு எழுதலையே நீ?"

"சத்தியமா இல்ல அண்ணி. மாடல் மட்டும்தான்."

அண்ணி கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "மொத வாரம் உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என்னை எதுக்குடி மாடிப்படிக்குப் போகச் சொன்னே?"

"எட்டு லைன் ஆகணும்னு..." என்று தொடங்கினாள். உட்கார்ந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதாள். அண்ணி திட்டியிருந்தால் தேவலை, இரண்டு அறை அறைந்திருந்தால் இன்னும் தேவலை. அவள் மிச்சத் துணியையும் மடித்து, இவளுடையதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று மறுநாள் விடிந்ததும் சொன்னாள். அண்ணி அடுப்படியில் இருந்து திரும்பாமலே பதில் சொன்னாள். ரெண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்துகொண்டால் உங்கண்ணன் ஒருத்தர் எத்தனை நாள் லாரியிலேயே கிடப்பார் என்றாள். போ, போய் அவங்க குடுக்குற நாற்காலியில உக்காரு, இந்த வீட்டுக்கு இப்ப உன்னை விட்டா வேற போக்கில்லை என்றாள். அதில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. அதுதான் இவளைக் கொன்றது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணிதான் வரச் சொல்லியிருந்தாள். இனி போனில் எதையும் பேசுவதில்லை என்று முடிவாகியிருந்தது. வேறு எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். பேச்சு சட்டென்று நின்றது. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நன்றாக இருக்கிறாயா என்றுகூட ஒருத்தி கேட்டாள். ஆனால் வாயாடி, அந்த வாயாடி, ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டி, தரையில் இருந்த தன் போனை எடுத்து மடிக்குள் வைத்து மூடிக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக அவரவர் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்கள். இவள் டம்ளர்களை நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைத் தானே சாத்தினாள்.

மாதத்தின் கடைசி வாரத்தில் புது ஆட்கள் வந்தார்கள். எட்டுப் பேர். வெவ்வேறு பக்கத்திலிருந்து வந்த, இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். அடுப்பில் மாற்றம் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே. மாறியது ஒன்றே ஒன்று. முதல் தடவை செய்த வீட்டுச் சோதனை நல்ல பலன் தந்ததால், இனி ஒருத்திக்கு மட்டும் என்று இல்லாமல், அடுப்பில் வேலை செய்கிற எல்லோருக்கும் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு போன் உண்டு என்று கம்பெனி சொல்லியிருந்தது.

பயிற்சி அறையில் எட்டுப் பெட்டிகளை மேஜையில் அடுக்கி வைத்திருந்தார்கள். இன்ஜினியர் வந்து, செயலியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, மிச்சத்தை இவங்க சொல்லிக் குடுப்பாங்க என்று காரணக்காவைக் காட்டினார். கதவுக்கு வெளியே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கழுத்தில் புது அட்டை தொங்கியது. சிம்மை எப்படிப் போடுவது, எந்த எண் எதைக் குறிக்கிறது, பெட்டி எப்போது திறக்கும் என்று சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொருத்தியும் கேட்டபடி செய்தாள். அன்றைக்கு மட்டும் கேட்டில் உள்ளே விட்டிருந்த பழைய போனிலிருந்து சொந்த சிம்மை நகத்தால் நெம்பி எடுத்துப் புதியதில் பொருத்தினார்கள்.

ஓரத்தில் இருந்த பெண்ணுக்குச் சிம் சரியாகப் பொருந்தவில்லை. உதவுகிற சாக்கில் அவள் பக்கம் குனிந்து, உதடு அசையாமல் சொன்னாள். "பெட்டி திறந்தா ஒரு புள்ளி மட்டும் வை. என்ன கேட்டாலும் எழுதாதே. மத்தவங்ககிட்டயும் சொல்லு."

அந்தப் பெண் நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "நீங்க எல்லாத்தையும் விவரமா எழுதித்தான் இந்த இடத்துக்கு வந்தீங்கன்னு சார் சொன்னாரே" என்றாள். "எங்களை மட்டும் எழுத வேண்டாங்கறீங்க."

குரல் கொஞ்சம் உரக்கவே இருந்தது. மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரும் பார்த்தார். காரணக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இல்லம்மா, நீ எழுது, உனக்குத் தெரிஞ்சதை எழுது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

சிம் பொருந்திவிட்டது. திரை ஒளிர்ந்து நூறு என்று காட்டியது. அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு கால் பண்ணிக்கட்டுமா என்று அறைக்குப் பொதுவாகக் கேட்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். அம்மா, எனக்கு வேலை கிடைச்சிடுச்சு, புது போன்கூடக் குடுத்திருக்காங்க என்றாள். அந்தப் பக்கம் அம்மா அழுதிருக்க வேண்டும், இவள் அழாதேம்மா என்றாள். இனிமே தினமும் இதுலயே பேசறேன், எல்லாத்தையும் சொல்றேன் என்றாள். மற்ற ஏழு பேரும் அவளைப் பார்த்துவிட்டு, அவரவர் வீட்டு எண்ணை அழுத்த ஆரம்பித்தார்கள்.